நடு ஸ்டேஷன் அக்கா

பெங்களூரில் நான் முதலில் வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தொலைபேசி நிலையக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஆளுயர இரும்பு ரேக்குகள் வரிசையாக நிற்கும் அறை அது. ரேக்குகளுக்குக் குளிர் வேண்டும் என்பதற்காக ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். எனக்காக ஓடவில்லை என்பது சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்காரும்போது தெரியும். மூலையில் எனக்கு ஒரு மேசை, ஒரு முக்காலி, சுவரில் ஒரு போன். வேறு எதுவும் என்னுடையது அல்ல.

அந்தக் கட்டடத்து ஊழியர்களில் நான் ஒருத்தி இல்லை. ஒளியிழைக் கருவிகள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் கம்பெனி செய்த ஒளிப் பெருக்கியை வாடிக்கையாளரின் தடத்தில் பொருத்திச் சோதிக்க வேண்டும் என்று என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். கீழ் மாடிகளில் இருந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு நான் ‘கம்பெனி அம்மா’. பதினொரு மணிக்கு டீ வரும், வைத்துவிட்டுப் போவார்கள். சில நாட்களில் காலையில் காவலாளிக்குச் சொல்லும் ‘நமஸ்காரா’வுக்கும் மாலையில் சொல்லும் ‘பர்த்தீனி’க்கும் நடுவில் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

தங்கியிருந்தது மர்பி டவுனில், ஒரு வீட்டின் மேல் அறையில். வீட்டுக்காரம்மா ஒரு மருத்துவமனையில் ஆயாவாக இருந்தார். நான் படியேறும் சத்தம் கேட்டால் சமையலறையிலிருந்தே முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்.

“ஊட்டா ஆச்சாம்மா?”

“ஆச்சும்மா.”

“இன்னும் அந்த வெளிச்சத்தைத்தான் பெருசு பண்ணினு இருக்கியா?”

“ஆமாம்மா.”

“நம்ம தெருவுல டியூப்லைட் மினுக் மினுக்குனுது. மொதல்ல அத்தை ஸ்வல்ப பெருசு பண்ணிக் குடு.”

இதே கேள்விகள், இதே வரிசையில், தினமும். எனக்கு அது பிடித்திருந்தது. வரிசையாக வருகிற எதுவும் எனக்குப் பிடிக்கும். ஊரை விட்டு வந்தபின் அந்தப் பழக்கம் கூடிவிட்டது. பேருந்து நிறுத்தங்களை வரிசையாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டு போவேன். அல்சூர் ஏரி வந்ததும் பட்டியலை முதலிலிருந்து ஆரம்பிப்பேன். பேச ஆள் இல்லாதபோது பட்டியல் ஒரு மாதிரி பேச்சு.

சுவரில் இருந்த போனை ஆர்டர்வயர் என்பார்கள். வெளியாருக்கு அதில் பேச முடியாது. ஒரு தடத்தில் இருக்கும் ஸ்டேஷன்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கானது. ஊர் மக்களின் அழைப்புகள் ஓடும் அதே கண்ணாடி இழையில் ஓர் ஓரத்தில் அதுவும் ஓடும். எண் சுழற்ற வேண்டாம், கட்டணம் கிடையாது. எங்கள் தடத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று கடைசி ஸ்டேஷன், கிருஷ்ணகிரி. இன்னொன்று நடு ஸ்டேஷன், ஓசூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு சின்ன ஊர்.

வந்த முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் நடு ஸ்டேஷன் பொத்தானை அழுத்தினேன். ஒரு பெண் குரல் எடுத்தது. “ஹலோ” என்றேன்.

“யாரது, புதுக் குரலா கீது?”

“கம்பெனியிலிருந்து வந்திருக்கேன். பட்டன் வேலை செய்யுதான்னு பார்த்தேன்.”

“பட்டன் வேலை செய்யுது. நானுந்தான் செய்யறேன். என்னை எவனும் இப்படி அமுக்கிப் பாக்க மாட்றான். சாப்ட்டியா?”

அப்படித்தான் அக்கா அறிமுகமானார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்க வேண்டும். முகம் எனக்குக் கடைசிவரை தெரியாது. வேலூர்ப் பக்கத்துப் பேச்சு. நடு ஸ்டேஷனில் பகல் நேரத்துக்கு அவர் ஒருவர்தான். ராத்திரிக்கு ஓர் ஆண் வருவார். இரண்டு அறைக் கட்டடம், பேட்டரிகள், ஜெனரேட்டர், சுற்றிலும் முள்வேலி. பக்கத்து வீடு என்று சொல்ல ஒரு பஞ்சர் கடை.

அவருடைய வேலை, களைத்து வரும் ஒளியைப் பார்த்துக்கொள்வது. பெங்களூரில் கிளம்பும் ஒளி கண்ணாடிக்குள் போகப் போகத் தேய்ந்துவிடும். முற்றிலும் தேய்வதற்கு முன்னால் நடுவில் ஒரு பெட்டி அதைப் பிடித்து, மின்சாரமாக்கி, படித்து, சுத்தமாகத் திரும்ப எழுதி, புதிய லேசர் ஒன்றின் வழியாக மறுபடி ஒளியாக்கி அனுப்பும். அந்தப் பெட்டி நின்றால் தடம் முழுவதும் நின்றுவிடும். அதனால் அதற்குக் காவலாக ஒரு மனிதர்.

தினமும் பேச ஆரம்பித்தோம். பிறகு பேசாமலும் இருக்க ஆரம்பித்தோம். காசு ஓடாத போன் என்பதால் ரிசீவரை மேசைமேல் எடுத்து வைத்துவிடுவோம், அவரவர் வேலையைப் பார்ப்போம். அவருடைய மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ‘டக்’ போடும். நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் கேட்கும். ஒரு மணி வாக்கில் ஹீட்டரில் அவர் ஏதாவது தாளிப்பார். ஸ்டேஷனுக்குள் சமைக்கக் கூடாது என்று விதி. கடுகு வெடிக்கும் சத்தம் அறுபது கிலோமீட்டர் கண்ணாடி வழியாக வந்து என் ஏசி அறையில் விழும்.

“இன்னா, மோப்பம் பிடிக்கிறியா?”

“சத்தம்தானே வருது, வாசனை வரலையேக்கா.”

“அதுக்கும் ஒரு பொட்டி செய்யுங்க உங்க கம்பெனில.”

ஒரு நாள் கேட்டார். “சரி, என் பொட்டி பண்ற வேலை எனக்குத் தெரியும். உன் பொட்டி இன்னா பண்ணும்? அத்தைச் சொல்லு.”

சொன்னேன். யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொன்னேன்.

எங்கள் பெருக்கிக்குள் சில மீட்டர் நீளத்துக்கு ஒரு விசேஷ இழை சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். மற்ற இழையைப் போல அதுவும் கண்ணாடிதான். ஆனால் அதன் நடுப்பகுதியில் மிகக் கொஞ்சமாக எர்பியம் கலந்திருக்கும். அருமண் உலோகங்கள் என்று பாடப் புத்தகத்துத் தனிம அட்டவணையில் கீழே தனியாக ஒதுக்கி அச்சிட்டிருப்பார்களே, அவற்றில் ஒன்று. இந்தச் சுருளுக்குள் பம்ப் லேசர் என்ற இன்னொரு லேசரின் ஒளியைச் செலுத்துவோம். எர்பியம் அணுக்கள் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு ஒரு படி மேலே ஏறி நிற்கும். ஏறியவுடன் விழாமல் சற்று நேரம் நிற்பதுதான் எர்பியத்தின் குணம். நமக்கு அது கண்ணிமைப்பதைவிடச் சின்ன நேரம், அணுக்களின் கணக்கில் நெடுங்காலம். அந்த நேரத்தில் தூரத்திலிருந்து களைத்து வந்த ஒளித்துகள் ஒன்று பக்கத்தில் போனால், நிற்கும் அணு கீழே இறங்கி, தன்னிடம் இருந்ததை அதனுடன் சேர்த்துவிடும். அதே நிறம், அதே திசை, அதே அடிவைப்பு. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஒளியை மின்சாரமாக்க வேண்டாம், படிக்க வேண்டாம், திரும்ப எழுத வேண்டாம். உள்ளே என்ன சேதி போகிறது என்று எர்பியத்துக்குத் தெரியாது. ஒளி ஒளியாகவே வளர்ந்து வெளியேறும். பெங்களூரில் ஒரு பெருக்கி, கிருஷ்ணகிரியில் ஒரு பெருக்கி வைத்தால் போதும்.

மின்விசிறி நாலைந்து முறை ‘டக்’ என்றது.

“அப்போ நடுவுல ஆளே வேணாம்” என்றார் அக்கா.

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. தொழில்நுட்ப அறிக்கையில் அது ‘இடைநிலையம் தவிர்க்கப்படும்’ என்று ஒரு வரி. நானே தட்டச்சு செய்த வரி.

“அக்கா, நான்...”

“இன்னாத்துக்கு இழுக்கிறே? நல்லதாச்சே கண்ணு. உன் பொட்டி வேலை செஞ்சா எனக்கு வேலூர்.”

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒரு பெண், நாலாவது படிக்கிறாள். வேலூரில் அக்காவின் தங்கை வீட்டில் வளர்கிறாள். கணவரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நடு ஸ்டேஷன் ஊரில் பள்ளிக்கூடம் தூரம், வீடு கிடைக்கவில்லை, பகல் முழுக்கக் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. வேலூருக்கு மாற்றல் கேட்டு மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் ஆள் இல்லாமல் இருக்க முடியாது என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஆளில்லா ஸ்டேஷன் ஆனால் முதல் மாற்றல் அவருக்குத்தான் என்று அதிகாரி வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

“போன தடவ போறேன், என் தங்கச்சியை அம்மாங்கறா. என்னைப் பாத்து, பெரியம்மா வந்திருக்காங்கன்னு உள்ள ஓடறா. நான் ஒண்ணும் சொல்லல. தின்பண்டம் வாங்கினு போனேன் இல்ல, பெரியம்மா தானே அது எல்லாம் வாங்கியாரும்.” சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அந்தச் சோதனை எனக்கு வேறு வேலையாகிவிட்டது. அது தேறினால் அக்காவுக்கு மகள் கிடைப்பாள். தேறினால் எனக்கு இந்தப் போன் இருக்காது. இரண்டும் ஒரே வரியில் வந்ததால் எந்தப் பட்டியலில் எழுதுவது என்று தெரியவில்லை.

தேறுவதற்குக் கெடுவும் இருந்தது. மாதக் கடைசிக்குள் எங்கள் பெருக்கி ஓடிக் காட்டாவிட்டால், வாடிக்கையாளர் பழைய முறைப் பெட்டிகளையே புதிதாக வாங்குவார்கள். பிறகு அந்த நடு ஸ்டேஷனுக்கு எத்தனை வருஷமானாலும் ஆள் வேண்டும்.

எங்கள் கம்பெனி சோதனைக்கூடத்தில் பெருக்கியைப் பூட்டும் முன் விளக்கணைத்துப் பார்த்திருக்கிறேன். நாங்கள் பயன்படுத்தும் ஒளி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பம்ப் ஒளியும் தெரியாது, சேதி கொண்டுபோகும் ஒளியும் தெரியாது. ஆனால் பம்ப்பைப் போட்டதும் எர்பியச் சுருள் மட்டும் மெல்லிய பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சையால் பயன் ஒன்றும் இல்லை. மேலே நிற்கும் சில அணுக்கள் அளவுக்கு மீறி இன்னும் ஒரு படி ஏறி, அங்கிருந்து விழும்போது வருவது. வீணாகும் ஒளி. அது ஒன்றுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொரு வீணும் உண்டு. மேலே ஏறி நிற்கும் அணு, யாரும் வராவிட்டால், நின்று பார்த்துவிட்டுத் தானாகவே விழும். அப்போதும் ஒளி வரும். ஆனால் அதில் சேதி இருக்காது, திசை இருக்காது. அந்த வெற்று ஒளியும் சுருளுக்குள் போகும் வழியில் பெருகும். அதாவது உள்ளே எதுவும் வராதபோதும் பெருக்கி சும்மா இருக்காது. தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும். இதை இரைச்சல் என்போம்.

சோதனைக்கு நாள் குறித்தது ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி. நல்ல நாள் என்று எங்கள் மேனேஜர்தான் தேர்ந்தெடுத்தார். தடத்தில் ஓடும் அழைப்புகளைத் தொடாமல், அதே கேபிளில் சும்மா கிடந்த ஓர் உபரி இழையில் முதலில் ஓட்டிப் பார்ப்பதாகத் திட்டம். நடு ஸ்டேஷனில் அக்கா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பெங்களூர்ப் பக்க இழையின் முனையையும் கிருஷ்ணகிரிப் பக்க இழையின் முனையையும் ஒரு சின்ன இழைக் கம்பியால் இணைக்க வேண்டும். பூஜைக்கு இரண்டு நாள் முன்பே இணைத்து, ஒளி கடக்கிறதா என்று பார்த்துவிட்டோம். கடந்தது.

பூஜையன்று எங்கள் கட்டடமே மாறிப்போனது. வாசலில் வாழைக்கன்று, பூசணி உடைத்த சிவப்பு. ரேக்குக்கு ரேக் சந்தனமும் குங்குமமும். ஒரு லைன்மேன் என் பெருக்கியின் முகப்பிலும் மூன்று பட்டை இழுத்து நடுவில் பொட்டு வைத்தார். “என்னம்மா, உங்க மெஷினுக்குப் பேரு வெச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுப் பொரி கொடுத்தார். பெட்டி மூடியிருந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் வந்தார், வாடிக்கையாளரின் அதிகாரி வந்தார். கிருஷ்ணகிரியில் எங்கள் கம்பெனியின் இன்னோர் இன்ஜினியர், தர்மபுரிக்காரர், ஒளியை அளக்கும் மீட்டரோடும் சேதியைச் சரிபார்க்கும் டெஸ்ட் செட்டோடும் நின்றார். பத்து மணிக்கு லேசரைப் போட்டேன். ஆர்டர்வயரில் அவர் குரல் வந்தது.

“மேடம், லைட் வந்தாச்சு. மீட்டர் சூப்பரா காட்டுது.”

மேனேஜர் அதிகாரியின் கையைக் குலுக்கினார். “ஆய்தா, முடிஞ்சுதா?” என்று என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லும் முன் தர்மபுரிக்காரர் மறுபடி வந்தார்.

“மேடம், டெஸ்ட் செட்ல மட்டும் சிவப்பு எரியுது. போகவே மாட்டேங்குது.”

ஒளி இருக்கிறது, சேதி இல்லை. சுவிட்சைப் போட்டு எடுத்தோம். கம்பிகளை மாற்றினோம். சிவப்பு அப்படியே இருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “வெளிச்சம் மட்டும் வந்தா எங்களுக்கு என்னம்மா பிரயோஜனம்? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாருங்க. அப்புறம் நாங்க ஆர்டர் போட்டுடறோம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மேனேஜரும் பின்னாலேயே போனார்.

 போனை எடுத்துத் தர்மபுரிக்காரரிடம் சொன்னேன்.

“உங்க பெருக்கிக்குள்ள போற இழையைக் கழட்டுங்க. மீட்டர் என்ன காட்டுது?”

“கழட்டிட்டேன் மேடம்.” சற்று நேரம் கழித்து, மெதுவாக, “அதே தான் காட்டுது.”

இழையைக் கழற்றிய பிறகும் அதே ஒளி என்றால், வந்துகொண்டிருந்தது எங்களுடையது இல்லை. பெருக்கி தன் இரைச்சலைத்தான் அவ்வளவு நேரமும் பெருக்கிக்கொண்டிருந்தது. மீட்டருக்கு ஒளி எவ்வளவு என்று தெரியும், யாருடையது என்று தெரியாது. உண்மையில் பெங்களூரிலிருந்து ஒரு துளிகூட அங்கே போய்ச் சேரவில்லை.

அக்கா தன் பக்கம் வந்துசேரும் இழையில் மீட்டரை வைத்துப் பார்த்தார். நன்றாக வந்தது. அப்படியானால் அவரைத் தாண்டித்தான் எங்கோ போகிறது. தர்மபுரிக்காரர் கேபிள் அறுந்திருக்கும் என்றார். அறுந்திருந்தால் தோண்டித் தேடி ஒட்ட வேண்டும், நாளை மத்தியானம் தாண்டிவிடும்.  

மூன்று நாளுக்கு முன் கடந்த ஒளி இன்று கடக்கவில்லை. நடுவில் என்ன நடந்தது என்று மனத்துக்குள் ஒரு பட்டியல் போட்டேன். மழை இல்லை. ரோடு வேலை இல்லை. மின்சாரம் போகவில்லை. நிமிர்ந்தபோது எதிரே என் பெருக்கி நெற்றியில் பட்டையும் பொட்டுமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அக்கா, நேத்து பூஜை போட்டீங்களா?”

“போடாம? ஆயுத பூஜை ஆச்சே.”

“பொட்டு எதுக்கெல்லாம் வெச்சீங்க?”

“எல்லாத்துக்குந்தான். பேட்டரி, ஜெனரேட்டர், ரேக்கு, கேட்டு, என் சைக்கிளு...”

“அந்த ஸ்பேர் இழை மாட்டின பேனலுக்கு?”





“அதுக்குத்தான் மொதல்ல வெச்சேன்” என்றார். குரல் இறங்கியிருந்தது. “மேலாக்க வெச்சா பத்தாதுன்னு... அந்த வாயிலதானே வெளிச்சம் போவுது. கம்பியைக் கழட்டி, அந்த ஓட்டைக்கிட்ட ஒரு பொட்டு குங்குமம் வெச்சு, மறுபடி மாட்டுனேன். நல்லா இறுக்கித்தான் மாட்டுனேன். எம் பொண்ணுக்காகத்தான் கண்ணு.”

இழையில் ஒளி போகும் பாதை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன் வாயில் ஒரு குங்குமத் துகள் என்பது வாசலை அடைத்து உட்கார்ந்த பாறை. அக்காவுக்கும் அது தெரியும், பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அன்று அவர் டெக்னீஷியனாகப் பூஜை போடவில்லை.

“என்னாலயே போச்சா?”

“போகல. துடைச்சா வந்துடும்.” எனக்கே நிச்சயம் இல்லை. “முதலுதவிப் பெட்டியில ஸ்பிரிட் இருக்கா?”

“கீது.”

“பஞ்சு வேணாம், நூல் ஒட்டிக்கும். கண்ணாடி துடைக்கிற துணி?”

“என் மூக்குக் கண்ணாடித் துணி கீது. வாங்கினதிலேந்து துவைக்கல.”

“வேணாம். புதுசா ஏதாவது?”

இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம். பிறகு, “ராத்திரி ஷிஃப்ட்காரரு கேமரா வெச்சிருக்காரு. அதுக்கு ஒரு துணி, கவர்கூடப் பிரிக்கல. திட்டுவாரு.”

“திட்டட்டும். எடுங்க.”

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கையைக் கழுவுங்கள். முந்தானையை இடுப்பில் செருகுங்கள். ஸ்பிரிட் ஒரு சொட்டு. இழை முனையை ஒரே திசையில் துடையுங்கள், தேய்க்காதீர்கள். துணியின் அந்த இடத்தால் மறுபடி துடைக்காதீர்கள். பழைய ஓட்டை வேண்டாம், அதே பேனலில் மூடி திறக்காத இன்னொன்று இருக்கும், துடைத்த முனையை அதில் மாட்டுங்கள். புதுக் கம்பி. ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார். ஒரு முறை துணி சிவப்பாக வந்தது என்றார். இரண்டாம் முறை லேசான சிவப்பு. அப்புறம் இல்லை.

“மாட்டிட்டேன்.”

கிருஷ்ணகிரிப் பொத்தானையும் அழுத்தினேன். மூவரும் ஒரே லைனில் இருந்தோம்.

“மேடம், சிவப்பு போச்சு. பச்சை வந்துடுச்சு.”

“இழையைக் கழட்டிப் பாருங்க.”

“கழட்டினா மீட்டர் விழுது. டெஸ்ட் செட்ல சிவப்பு. மாட்டினா பச்சை. நம்மளுது தான் மேடம்.”

அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சாமி கோச்சுக்காதுல்ல? துடைச்சு எறிஞ்சிட்டோமே.”

“கோச்சுக்காதுக்கா.”

“சைக்கிளுக்கு வெச்சது அப்படியே கீது. அது போதும்.”

மறுநாள் அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ன என்று மேனேஜர் கேட்டார். கனெக்டரில் தூசி என்றேன். “பூஜை போட்டு, அத்தனை சுத்தம் பண்ணியுமா தூசி?” என்று ஆச்சரியப்பட்டார். அறிக்கையிலும் தூசி என்றே இருக்கிறது.

ஒரு வாரம் உபரி இழையில் ஓடியது. ஒரு பிழையும் இல்லை. பிறகு ஓடும் அழைப்புகளை அதற்கு மாற்றி, நடு ஸ்டேஷனின் பெட்டியை நிறுத்துவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் குறித்தார்கள். அந்த நேரத்தில் ஊர் குறைவாகப் பேசும்.

பொழுது விடிந்துகொண்டிருக்கும்போது போய்விட்டேன். காவலாளி லுங்கியோடு கதவைத் திறந்தார். அக்கா ஏற்கெனவே லைனில் இருந்தார்.

“மாத்தல் ஆர்டர் வந்துட்ச்சு. புதன்கிழமை ஜாயின் பண்ணணும். மூட்டை கட்டிட்டேன்.”

“வீடு?”

“தங்கச்சி வீட்டு மாடி. ரெண்டு வாசல், ஒரே படி.” கொஞ்சம் நிறுத்தி, “மறுபடி அம்மான்னு கூப்பிட எத்தினி நாள் ஆவுமோ தெரியல. ஆவட்டும்.”

எனக்கு நிறையச் சொல்ல இருந்தது. முந்தைய நாள் பேருந்தில் வரிசைப்படுத்தியும் வைத்திருந்தேன். அதில் ஒன்றையும் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.

“சரி. நான் மாட்டிட்டு என் பொட்டியை ஆஃப் பண்ணிட்டா இந்தப் போன் செத்துரும், தெரியுமில்ல?”

“தெரியும்க்கா.”

“மோர் ஊத்திச் சாப்பிடு. ஏசில குந்திகினு காப்பியா குடிக்காத.”

“சரிக்கா.”

“மாட்றேன்.”

மின்விசிறி ‘டக்’ என்றது. ஒரு லாரி போனது. அடுத்த ‘டக்’ வரவில்லை. கொய்ங் என்றோ விர்ரென்றோ எந்தச் சத்தமும் இல்லை, வெறுமனே நின்றது. எதிரே ரேக்கில் பச்சை விளக்குகள் எரிந்தன. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்காரர் எல்லாம் சரி என்றார். பெங்களூர் பேசுவது எங்கும் நிற்காமல் கிருஷ்ணகிரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதன் பிறகும் பராமரிப்புக்காக அந்த அறையிலேயே பல மாதங்கள் இருந்தேன். நடு ஸ்டேஷன் பொத்தான் பேனலில் அப்படியே இருந்தது. அதை எடுப்பது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏன் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று யோசித்திருக்கிறேன். கடுகு வெடிக்கக் காத்திருந்தது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரியும். வீட்டுக்காரம்மா தினமும் கேட்டார். வெளிச்சம் பெரிதாகிவிட்டது என்று சொன்னேன். “அப்ப டியூப்லைட்டு?” என்றார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, கீழ் வீட்டு போனுக்கு எனக்கு அழைப்பு வந்தது. வேலூரில் ஒரு எஸ்டிடி கடையிலிருந்து அக்கா. என்றோ கொடுத்த எண்ணை வைத்திருந்திருக்கிறார்.

“நல்லா கீறியா? உடம்பு எப்படி? மோர் ஊத்திக்கிறியா?”

எல்லாம் சரி என்றேன். அவர் எல்லாம் சரி என்றார். அங்கே எக்ஸ்சேஞ்சில் நிறையப் பேர், உட்கார நாற்காலி இல்லை, ஆனால் தோழிகள் கிடைத்துவிட்டார்கள் என்றார். அப்புறம் இருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. அந்தப் பழைய போனில் என்றால் ரிசீவரை மேசைமேல் வைத்திருப்போம். இதில் பேசாமல் இருக்க முடியாது. அவர் தலைக்கு மேலே கட்டணத்தின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

“இவ கிட்டப் பேசறியா? ஏய், இங்க வா, பெங்களூர் ஆன்ட்டி...”

ரிசீவர் கை மாறும் சத்தம் இல்லை. கொஞ்சம் தள்ளி, ஒரு சிறுமியின் அவசரமான குரல் மட்டும் கேட்டது.

“அம்மா, மீட்டர் ஓடுது பாரு. வெச்சிடும்மா.”

அக்கா வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. 

“கேட்டியா?” என்றார்.

“கேட்டேன்க்கா.”

“வெக்கட்டுமா?”

“வைங்க.”

மறுநாள் திங்கள். அறைக்குப் போய்ச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வழக்கமான அளவுகளை வரிசையாக எடுத்தேன். உள்ளே வரும் ஒளி, வெளியே போகும் ஒளி, பம்ப் லேசரின் சூடு. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. டீ வந்தது, வைத்துவிட்டுப் போனார்கள். ஆர்டர்வயரை எடுத்துக் கிருஷ்ணகிரிப் பொத்தானை அழுத்தினேன். அந்த நிலையத்து ஊழியர் யாரோ எடுத்தார், எனக்குப் பழக்கமில்லாத குரல்.

“சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்ல சார். பட்டன் வேலை செய்யுதான்னு பார்த்தேன்.”

“செய்யுதும்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.